பூ தொடுகிறவனும் கருவண்டும்

எட்டாம் வகுப்போடு பாலக்காட்டுச் சித்தூரை விட்டுக் கிளம்பியவன் நான். கஞ்சிக்கோட்டில் இரும்புக் கம்பி சுமந்தேன், ஏலக்காட்டில் களை வெட்டினேன். எந்த இடத்திலும் முழுசாக ஒரு வருடம் இருந்ததில்லை. தேவிகுளத்துக்குக் கீழே, ஓர் அக்காவின் தோட்டத்தில் மட்டும் இருந்துவிடலாம் என்று தோன்றியது.

அந்த அக்கா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். வேலை இருக்கும்வரை எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து, அரை ஏக்கரில் பேஷன் ஃப்ரூட் பந்தல் போட்டிருந்தார். பந்தல் புதுசு, வண்டு வரவில்லை. ஒரு கொடியின் பூந்தூளை எடுத்து வேறு கொடியின் பூவில் கையால் தடவினால்தான் காய் பிடிக்கும். மதியம் விரியும் பூ பொழுது சாய்வதற்குள் மூடிவிடும். அந்த நாலு மணி நேரம்தான் என் வேலை. அதற்குச் சாப்பாடு, கொஞ்சம் கூலி, பந்தலோரக் கொட்டகையில் படுக்க இடம்.

"ஒரே கொடியில எடுத்து அதுலயே தடவிராத," என்று முதல் நாளே சொன்னார். "இது சொந்தத்துக்குள்ள கட்டிக்காது. ஒங்க ஊர்ல மாமன் மகள விடமாட்டீங்கள்ல, அந்தக் கதை இங்க ஆகாது."

"எனக்கு மாமனே இல்லீங்க அக்கா."

"இருந்தா மட்டும் குடுத்துருப்பானாக்கும்."

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. சட்டை மாட்டக் கொட்டகைத் தூணில் ஓர் ஆணி அடிக்கலாமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அடுத்தவர் மரம்.

ஒரு காலையில் என் பாய்மேல் மரத்தூள் மாவாக உதிர்ந்து கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால், சில்வர் ஓக் உத்தரத்தின் அடிப்பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை. உள்ளே கரகரவென்று சத்தம். ஒரு கருவண்டு பின்பக்கமாக வந்து தூளைத் தள்ளியது, மறுபடி உள்ளே போனது. அதற்குக் கூட்டம் இல்லை, ராணி இல்லை, துணைக்கு யாரும் இல்லை. தன் வாயாலேயே தனக்கு ஒரு வீடு. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மதியம் அது பந்தலுக்கு வந்தது. முதுகெல்லாம் மஞ்சள் தூள். நான் ஏணியை நகர்த்துவதற்குள் ஏழெட்டுப் பூவைத் தொட்டுவிட்டது.

"ஆண்டவரே அனுப்பி வச்சிருக்காரு!" அக்கா கையைக் கூப்பினார். "பாரு, என்ன நேர்த்தி! ஒரு பூவ விடல. நீ பத்துக்கு ரெண்ட விட்டுருவ."

"அது பறக்குதுங்க. நான் ஏணியத் தூக்கிட்டுப் போகோணும்."

"சோறும் கேக்கல பாரு," என்று சிரித்தார். என்னை ஒருநாளும் நேர்த்தி என்று சொன்னதில்லை.

பத்து நாள் பொறுத்தேன். பிறகு ஒரு மதியம், அது பந்தலில் இருந்த நேரம் பார்த்து, செம்மண்ணில் சிமெண்டைக் குழைத்துத் துளையை அடைத்தேன். வண்டு திரும்பி வந்தது. அடைத்த இடத்தில் முட்டியது, சுற்றியது, மறுபடி முட்டியது, பிறகு போய்விட்டது. நான் பாயை உதறி விரித்தேன்.

அந்த வாரம் வண்டைவிட வேகமாக முடித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி எனக்கு. கொடிக்குக் கொடி ஏணி தூக்கினால் நேரமாகும் என்று, நின்ற இடத்திலேயே ஒரு பூவில் எடுத்துப் பக்கத்துப் பூவில் தடவினேன். மூன்று மணிக்கே கை கழுவினேன்.

அப்படி நான் தொட்ட பூவெல்லாம் பழுத்து உதிர்ந்தது. வேலியோரக் கடைசி வரிசையில் மட்டும் நெல்லிக்காய் அளவில் பச்சைக் காய்கள். அங்கே ஒரு காய்ந்த வேலிக்காலில் புதுசாக ஒரு துளை.

அக்கா உதிர்ந்த பூவைக் கையில் அள்ளிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். உத்தரத்தில் செம்மண் அடைப்பைப் பார்த்தார்.

"யாரு அடச்சது?"

"நானுங்க."

"ஏலே, வண்டுக்கும் ஒனக்கும் என்னலே சக்களத்திச் சண்டை?"

"அது வந்துட்டா என்னையப் போகச் சொல்லிப்போடுவீங்கன்னு..."

"வேல இல்லாட்டி போகத்தான் சொல்லுவேன். நான் லயத்த விட்டு வரலையா?" கோபமே இல்லாமல் சொன்னார். "அடச்சத எடு. ஒரு வண்டு பத்தாது, இன்னும் நாலு வந்து தொளச்சுக் குடியிருக்கணும். காஞ்ச கட்டையாப் பாத்துப் பந்தக்கால்ல அடிச்சு வையி. அதுவரைக்கும் இரு."

கத்தியால் அடைப்பைக் குத்தி எடுத்தபோது உள்ளே மரத்தூளால் செய்த ஒரு தடுப்பும் உடைந்தது. அதன் பின்னால் பூந்தூளைப் பிடித்துவைத்த ஒரு மஞ்சள் உருண்டை, அதன்மேல் ஒரு வெள்ளைப் புழு. இன்னும் கண் திறக்காத அதற்கு அறை இருந்தது, சோறு இருந்தது. இரக்கப்பட்டேன் என்று எழுதலாம். எனக்கு வயிறுதான் எரிந்தது.

மூன்று நாளில் கட்டைகளை அடித்து முடித்தேன். ஒரே ஓர் ஆணி மிஞ்சியது. யாரையும் கேட்காமல் அதைக் கொட்டகைத் தூணில் அடித்தேன். மாட்டுவதற்கு எதுவும் இல்லை. சட்டையைப் போட்டிருந்தேன், பையையும் கட்டியிருந்தேன்.