பிளாஸ்டிக் பிரிக்காத சீட்

புது வண்டியின் கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வரும். தோல், பசை, இன்னும் யார் மூச்சும் படாத துணி, எல்லாம் கலந்த வாசனை. இந்த ஊரில் அதற்கு மயங்குகிறார்கள். பழைய காருக்குள் தொங்கவிட்டுக்கொள்ள அந்த வாசனையை அட்டையில் தோய்த்துக்கூட விற்கிறார்கள். எனக்கு அது முழுதாக வருவதில்லை, பாதியில் நின்றுவிடும். மீதிப் பாதியை என் மூக்கு எண்ணூரிலிருந்து எடுத்துக்கொள்ளும்: சூடான சைலன்சரில் கருகும் புதுப் பெயின்ட், கிரீஸ், அதன்மேல் கடலின் உப்பு, அதற்கும் மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல். அது என் அண்ணன் தேசிங்கு வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் வாசனை.

கனடாவுக்கு வந்து எட்டு வருடம் ஆகியும் எனக்குப் பழகாத காட்சி ஒன்று உண்டு. கார் வாங்க வருகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்பே உள்ளே ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். விரல் முட்டியால் டேஷ்போர்டைத் தட்டுகிறார்கள், யானைக்கவுனிச் சந்தில் தேங்காய் தட்டுகிற மாதிரி. சீட்டின் தையலை நகத்தால் நெருடுகிறார்கள். கதவைச் சாத்தி, கண்ணையும் சாத்திக்கொண்டு, அது சாத்துகிற ஓசையைக் கேட்கிறார்கள். நான் வண்டி பார்க்கப் போன சனிக்கிழமை எனக்கும் அதையே செய்யச் சொன்னார் ஷோரூம்காரர் கிரெக். செய்தேன். 'தப்' என்றது. அந்த ஒரு தப்பில் வெளியே இருந்த பனி, சாலை, கிரெக்கின் குரல், உலகம் முழுதும் அணைந்துபோனது. என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது. ஒரு மனிதன் இவ்வளவு உள்ளே இருக்க முடியுமா என்று பயமாக இருந்தது.

நான் வண்டி பார்க்கப் போனது எனக்காக இல்லை. எனக்குப் பழைய கார் போதும். அண்ணன் ஆறு மாத விசாவில் வருவதாக ஏற்பாடு. காகிதமெல்லாம் சேர்த்துக் கொடுத்துவிட்டு எர்ணாவூர் வீட்டில் பதிலுக்குக் காத்திருந்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. நல்ல இழுப்புள்ள வண்டி ஒன்றில் உட்கார்ந்து ஒரு தடவை முழுசாக மிதிக்க வேண்டும்.

இருபத்தோரு வருடம் வண்டி ஓட்டியவனுக்கு இந்த ஆசை ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். அண்ணன் ஓட்டியது சேஸிஸ். கூடு கட்டாத லாரி. எங்கள் பக்கத்தில் இருந்த லாரித் தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் சக்கரமும் ஸ்டியரிங்கும் மட்டுமாக வெளியே வரும். கேபின் கிடையாது, கண்ணாடி கிடையாது, கதவு கிடையாது, கூரை கிடையாது. ஒரு பலகைதான் சீட். அதில் உட்கார்ந்து, தலையைச் சுற்றித் துண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட், இப்படியே ஓசூருக்கோ நாக்பூருக்கோ அதற்கும் அப்பாலோ கொண்டுபோய்க் கூடு கட்டுகிற பட்டறையில் ஒப்படைக்க வேண்டும். எல்லாமே புது எஞ்சின். அதனால் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்பது கட்டளை. எஞ்சின் இளகி, இனி மிதித்தால் பறக்கும் என்கிற நேரத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவான். பிறகு தேங்காய் நார் அடைத்த தன் கோணிமெத்தையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, போகிற வருகிற லாரிக்குக் கை காட்டி ஏறி ஊர் திரும்புவான். "ஊருல கீற லாரியெல்லாம் நான் பழக்கி உட்டதுதாண்டா, ஒண்ணுகூட என்னிய ஏத்திகினு ஓடுனதில்ல" என்பான். சிரிப்பான். சிரித்ததும் இருமல் வரும்.

அந்த இருமலில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் வெளிநாட்டு வேலைக்கான நேர்காணல் பெங்களூரில் நடந்தது. ரயிலில் இடமில்லை. பஸ்கள் அன்றைக்கு ஓடவில்லை. முப்பது தாண்டிய ஆள் நான், மறு வாய்ப்பு கிடைக்காத வயசு. அண்ணன் ஓசூருக்கு ஒரு சேஸிஸ் எடுத்துப்போக இருந்தான்.

"வாடா குமாரு, அத்தினி தூரம் உன்னிய இட்டுகினு போவாங்காட்டி நான் எதுக்கு கீறேன்?"

"அண்ணாத்தே, ஆள ஏத்தக் கூடாதுன்னு சொல்வாங்களே."

"ஆளாடா நீயி? நீ என் லக்கேஜு."

வழியில் சோதனைக்காரர்களைக் கண்டால் குனிந்துகொள்ளும்படி சொல்லி, தன் பலகையில் பாதியை எனக்குத் தந்தான். மணலி தாண்டி, மாதவரம் தாண்டி, வெயிலும் புழுதியும் முகத்தில் அறைய அறைய நாற்பதிலேயே உருண்டோம். எங்களை முந்திய ஒவ்வொரு லாரியும் தன் கரும்புகையை எங்கள் வாய்க்குள் விட்டுவிட்டுப் போனது. தடுக்க நடுவில் எதுவுமே இல்லை. வாணியம்பாடிக்குப் பக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் மேலேயிருந்து விழுகிற மழை இல்லை. ஓடுகிற சேஸிஸ் மேல் மழை நேராக, ஊசி ஊசியாக, எதிரே வந்து குத்தும். என் மடியில் சான்றிதழ் ஃபைல். அண்ணன் வண்டியை ஓரங்கட்டினான். தன் மேல் கிடந்த பிளாஸ்டிக் ஷீட்டை உருவி ஃபைலைச் சுற்றினான், பிறகு என்னையும் சேர்த்துச் சுற்றினான், கயிறு போட்டுக் கட்டினான்.

"நீ போத்திக்கோ அண்ணாத்தே, எனக்கு வேணாம்."

"கம்னு குந்து. மய நிக்கட்டும், அப்பால அத்த கிய்ச்சிப் போடு."

மழை நிற்கவில்லை. கிருஷ்ணகிரி வரைக்கும் அவன் உதடு நீலமாகி, கை மட்டும் ஸ்டியரிங்கில் ஒட்டியபடி, நாற்பதுக்கு மேல் முள் ஏறாமல் ஓட்டினான். மறுநாள் காலை அதிகாரி என் சான்றிதழ்களைப் புரட்டினார். ஒரு தாள்கூட நனையவில்லை. வேலை கிடைத்தது. அண்ணன் திரும்பி வந்து மூன்று வாரம் படுத்துக் கிடந்தான். அதற்குப் பிறகு அவன் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று திறந்த கதவு மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு இந்த நாட்டைக் கொடுத்த மழையே அவனிடமிருந்து காற்றை எடுத்துக்கொண்டது என்று டாக்டர் எழுதித் தரவில்லை. எத்தனையோ வருடத்துப் புகை என்றுதான் சொன்னார். எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் இரண்டு வண்டிகளுக்கு நடுவே நின்றேன். இரண்டுமே உயரமான வண்டிகள், இரண்டுமே வேகத்துக்குப் பேர் போனவை. முதல் வண்டியின் எஞ்சின் கயிறு அறுத்த காளை, ஆனால் உள்ளே தட்டினால் பிளாஸ்டிக் வாளியின் சத்தம். சீட் விறைப்பு. ஏறப் பிடிமானம் இல்லை. இரண்டாவதில் இழுப்பு ஒரு படி கம்மி. ஆனால் முதுகின் வளைவில் கை வைத்துத் தாங்குகிற மாதிரி ஒரு புடைப்பு, அதை ஏற்றி இறக்க ஒரு பொத்தான். கதவோரத் தூணில் உறுதியான கைப்பிடி. வெளிக்காற்றை வடிகட்டி அனுப்பும் சல்லடை. கண்ணாடி இரண்டு அடுக்கு. கிரெக் தோலின் மென்மை பற்றியும் மர வேலைப்பாடு பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். நான் தோலைத் தடவவில்லை. தேய்ந்த முதுகெலும்பு ஒன்று அங்கே எப்படி உட்காரும் என்று சாய்ந்து பார்த்தேன். முட்டி மடங்காத ஒருவன் போல ஏறி இறங்கிப் பார்த்தேன், நாலைந்து தடவை. கிரெக் என் உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்.

"என் அண்ணனுக்காகப் பார்க்கிறேன். அவர் ஊரில் லாரி ஓட்டினார். கூரை இல்லாத லாரி."

"ஓ, கன்வெர்ட்டிபிள்! அதிர்ஷ்டசாலி. உங்கள் ஊரில் அதற்கு ஏற்ற வெயில் உண்டே."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். திருத்த வேண்டுமானால் வாணியம்பாடியிலிருந்து தொடங்க வேண்டும்.

என் மனைவி செல்வி தண்டையார்பேட்டைக்காரி. சுற்றி வளைக்கமாட்டாள். "மாமா மிதிக்கப் போறது ஒரு நாளு. குந்தப் போறது ஆறு மாசம். ரெண்டாவதயே எடு" என்றாள். எடுத்தோம்.

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"உள்ள இன்னாடா கீது?"

"சீட்டு சுடும் அண்ணாத்தே. குளிருக்குப் பொத்தான் அமுக்குனா சூடாகும்."

"சீட்டுல அடுப்பா? அப்ப சோறும் அதுலயே வடிச்சிக்கலாம்னு உங்க அண்ணியாண்ட சொல்றேன். ஜன்னலு தொறக்குமா?"

"தொறக்கும். ஆனா தொறக்கவே வேணாம், காத்து உள்ளயே வரும்."

கொஞ்ச நேரம் இருமினான். "காத்து உள்ளயே வருமா" என்றான், தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற மாதிரி.

வண்டி கைக்கு வந்த நாள் கிரெக் செய்த ஒரு காரியத்தில் செல்வியும் நானும் ஒரே குரலில் பதறினோம். சீட்டுகளின் மேல் இருந்த பிளாஸ்டிக் உறையைச் சரக்கென்று பிய்த்து எறிந்துகொண்டிருந்தார். நம்மூரில் யாராவது அதைச் செய்வார்களா? புது சோபாவோ ஆட்டோவோ, அந்த உறை தானாக மஞ்சளாகி, தானாகக் கிழிந்து தொங்குகிற வரை அதன்மேல்தான் உட்காருவோம். வியர்வையில் முதுகு ஒட்டினாலும் புதுசு புதுசாகவே இருக்கும். நாங்கள் தடுப்பதற்குள் மூன்று சீட் போய்விட்டது. ஓட்டுநருக்குப் பக்கத்து சீட் மட்டும் மிச்சம்.

"இது இருக்கட்டும். வேறொருவர் வந்து பிரிப்பார்" என்றேன்.

கிரெக்குக்கு முகம் மலர்ந்தது. உள்ளே ஓடிப்போய் ஒரு பெரிய சிவப்பு ரிப்பன் பூவைக் கொண்டுவந்து அந்த சீட்டின் நெஞ்சில் ஒட்டினார். பிறந்தநாள் பரிசு என்று நினைத்துவிட்டார். அவர் அவ்வளவு சந்தோஷமாக ஒட்டினார், எனக்கு எடுக்க மனம் வரவில்லை.

விசா மறுத்துக் கடிதம் வந்தது. காரணம் ஒரு வரி. விண்ணப்பதாரர் தம் நாட்டுக்குத் திரும்பிச் செல்வார் என்று நம்புவதற்கு இடமில்லை. நான் அதைப் போனில் தமிழில் படித்துக் காட்டினேன். சிரித்தான், அந்தச் சிரிப்பு எனக்கு இன்றுவரை தாளவில்லை.

"நானாடா? டெலிவரி குட்த்துட்டு நான் திரும்பி வராத ஊரு ஏதுனா கீதா?"

அந்தக் குளிர்காலத்தில் நானே ஊருக்குப் போனேன். அவன் பாதியாகியிருந்தான். உட்கார்ந்தபடியேதான் தூங்கினான். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்றாள் அண்ணி. இரண்டு வாரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்குகிற இடைவெளிகளில் பேசினோம். ஷீட் இல்லாத அந்த மழையைப் பற்றி நான் பேச்செடுத்த போதெல்லாம் பேச்சை வண்டிக்குத் திருப்பினான். எத்தனை கியர், எவ்வளவு இழுப்பு, கதவு சாத்துனா இன்னா சத்தம். பிரிக்காத உறையைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டே முதுகுத் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டான்.

அடுத்த ஐப்பசி மழையில் போய்விட்டான். வள்ளூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்த சாம்பலும் மழையும் ஒன்றாக விழுந்த நாள் என்று அண்ணி சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது இறுதிச் சடங்கு முடிந்து மூன்று நாள்.

வண்டி இப்போதும் என்னிடம் இருக்கிறது. நான் உட்காரும் சீட்டின் தோல் என் முதுகுக்கு ஏற்றபடி தேய்ந்து மின்னுகிறது. பக்கத்து சீட் உறைக்குள் அப்படியே. செல்வி பின்னால்தான் ஏறுகிறாள், ஏன் என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ரிப்பன் பூ வெளுத்துவிட்டது. கண்ணாடியெல்லாம் ஏற்றி, உலகத்தை அணைத்துவிட்டு ஏரிக்கரைச் சாலையில் போகும்போது, ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த பிளாஸ்டிக் சலசலக்கிறது. வெளியே உலர்ந்த வெயில். உள்ளே என் வலது பக்கம் மட்டும் வாணியம்பாடி. முழுசாக மிதிக்க எத்தனையோ காலிச் சாலைகள் இங்கே உண்டு. என் கால் நாற்பதைத் தாண்டினால் கூசுகிறது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துவிட்டு முந்துகிறார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரிலிருந்து நான் கிளம்பியபோது, வேண்டாமென்று எத்தனை சொல்லியும் அண்ணன் விமான நிலையம் வரை வந்தான். வாடகைக் கார். முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டான்.

"பெரியவரே, ஏசி போட்டுக்கீறேன், கண்ணாடிய ஏத்துங்க" என்றார் டிரைவர்.

"நீ போட்டுக்கோ நைனா. நான் வெளிய குந்திகினு வரேன்னு நெனச்சிக்கோ."

எர்ணாவூரிலிருந்து மீனம்பாக்கம் வரைக்கும் காற்று அவன் முகத்தில் அடித்தது. அவன் அதை வாயைத் திறந்து குடித்துக்கொண்டே வந்தான். புறப்பாட்டு வாசலில் அவனால் இறங்க முடியவில்லை. நான் பெட்டியை இறக்கிவிட்டு அவன் ஜன்னலோரம் வந்து குனிந்தேன். பின்னால் நின்ற வண்டிகள் நகரச் சொல்லி அலறின. அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். மூன்று தடவை மூச்சு சேர்த்துக்கொண்டு சொன்னான்:

"குமாரு, அந்த சீட்டு கவர கிய்ச்சிப் போட்டுடுடா. மய நின்னு ரொம்ப நாளாச்சி."