இருபத்தொரு வயதுக் குட்டி

"1965 ஏப்ரல். ஆறாங் கிளாஸ் முழுப்பரீட்சை முடிஞ்ச நாள். பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் பூனைக்குட்டி கிடைத்தது. பையில் போட்டுக் கொண்டுவந்தேன்."

எங்கள் வீட்டுச் செபப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. கையெழுத்து அத்தையுடையது, அப்பாவின் தங்கை. அந்தப் பூனைக்குக் கடைசிவரை குட்டி என்றுதான் பெயர்.

1986 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. காரிமங்கலம் பக்கம் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா ரோட்டுக்குப் போய்த் திரும்பினார். அம்மா கேசரியை மூன்று முறை சூடாக்கினாள். பற்கள் கொட்டி, ஒரு கண் வெளுத்துப்போன குட்டியும் அன்று ஓரிடத்தில் படுக்காமல் கூடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

அத்தைக்கு இருபத்தாறு வயது என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். எங்களில் சாதகம் பார்ப்பதில்லை. கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கும் சமயத்தில்தான் பிறந்த தேதி போட்ட ஞானஸ்நானச் சான்று கேட்பார்கள். அதற்குள் எல்லாம் பேசி முடிந்துவிடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இதெல்லாம் நான்காம் வகுப்பு முடித்திருந்த எனக்குத் தெரியாது.

வந்தவர்கள் மூன்று பேர்: மாப்பிள்ளை, அவருடைய அம்மா, மாமா. பேச்சு நன்றாகத்தான் போனது. குட்டி வந்து அந்த அம்மாளின் காலடியில் நின்று கத்தியது.

"என்னா பாப்பா, பூனை இத்தினி கிழடா இருக்குது?"

"இருபத்தொரு வயசுங்க," என்றேன்.

மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பூனை ஏது இருபத்தொரு வருசம் இருக்குது? பாப்பா நமக்குக் காது குத்துது!"

மாப்பிள்ளையும் சிரித்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. சமையல்கட்டு வாசலில் காப்பித் தட்டோடு நின்ற அத்தை நிதானமாகச் சொன்னாள்:

"பெட்டிமேல செபப் புத்தகம் இருக்குது பாரு. கடைசிப் பக்கம். எடுத்தாந்து காட்டு."

ஓடிப்போய் எடுத்துவந்து நீட்டினேன். அந்த அம்மாள் எழுத்துக் கூட்டி வாசித்தார். விரலை மடக்கி ஏதோ எண்ணினார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்க தங்கச்சி அஞ்சு வயசுலயே ஆறாங் கிளாஸ் படிச்சுதுங்களா?"

அப்பா வாசல் பக்கம் பார்த்தார். அம்மா என் முதுகில் கிள்ளினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மாமா எழுந்தார். காப்பியை யாரும் தொடவில்லை.

பூனையின் வயதை நிரூபித்துவிட்டேன் என்ற பெருமையில் அவர்களுக்குக் கையசைத்தேன். திரும்பிவந்தால், அப்பா கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அத்தை தரையில் உட்கார்ந்து குட்டிக்குக் கேசரி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் அழாதது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அதே பக்கத்தில், கீழே, பேனாவால் இன்னொரு வரி இருக்கிறது: "1988 நவம்பர். குட்டி போய்விட்டது." இருபத்து மூன்று வருடம், ஏழு மாதம்.

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டால், "பூனை வயசத்தானே கேட்டாங்க?" என்கிறாள். புத்தகத்தை எடுத்துவரச் சொன்னபோது, அந்தக் குறிப்பில் தன் வகுப்பும் எழுதியிருப்பது அவளுக்கு நினைவிருந்ததா என்பதை மட்டும் என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.