என் ரத்தத்துக்கு என்ன அவசரம்?

போன வியாழக்கிழமை நான் பன்னிரண்டு அடி நடந்தேன். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை. ஐம்பத்திரண்டு வயது ஹைஸ்கூல் வாத்தியார் இதையெல்லாம் பெருமையாக எழுதுவதா என்று சிரிக்காதீர்கள்... ஒன்பது வாரம் மல்லாந்து கிடந்து பார்த்தால் தெரியும்.

பத்திரிகையில் என் பத்தி ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதியவர்களுக்கும் இதுதான் பதில் – மாரடைப்பு.

திருவட்டாறு கோயில் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். பாதியில், நெஞ்சின்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல ஒரு பாரம். இடது கை மரத்தது. சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. என் மனைவி தங்கம், யாருடைய பிளஷர் காரையோ ரோட்டில் மறித்து, என்னை அதில் போட்டு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தாள்.

"ஆறு வாரம் அசையப்பிடாது" என்றார் டாக்டர். "ஹார்ட்டுல உள்ள புண்ணு ஆறணும். ஆறுகா இல்லியான்னு ரத்தம் சொல்லும்."

எப்படிச் சொல்லும்?

வாரத்துக்கு ஒரு முறை லேபிலிருந்து காசிம் வருவார். கோட்டாற்றுக்காரர். ஊசி குத்துவதே தெரியாது. எடுத்த ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் செங்குத்தாக நிறுத்தி வைப்பார். ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு தூரம் கீழே படிகிறது என்பதுதான் கணக்கு. உள்ளே புண் இருந்தால் வேகமாகப் படியும். ஆற ஆற நிதானமாகும். இருபது மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் நான் எழுந்திருக்கலாம்.

முதல் வாரம் எழுபது. பிறகு அறுபது. நாலாவது வாரம் நாற்பத்தெட்டு. அப்புறம்? அங்கேயே நின்றுவிட்டது. ஐந்தாவது வாரமும் நாற்பத்தெட்டு. ஆறாவது வாரம் ஐம்பது!

"கொறைய மாட்டேங்கு சாரே..." காசிம் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொல்வார்.

வார்டு முழுக்க வேறு பேச்சு. நம் தமிழ்த் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேருமா, சேராதா? கட்டிலுக்குக் கட்டில் வாக்குவாதம். எனக்கோ ஒரே கேள்வி – என் ரத்தத்துக்கு என்ன இவ்வளவு அவசரம்? இதயம் ஆறவே போவதில்லையோ? இனி கரும்பலகை முன்னால் நிற்கவே முடியாதோ? கூரையின் உத்திரங்களை எண்ணி முடித்து, அவற்றிலிருந்த ஆணிகளையும் எண்ணினேன். கால் இரண்டும் யாருடையதோ போல இருந்தன.

ஏழாவது வாரம், ஒரு மத்தியானம், பொறுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். காலைத் தரையில் வைத்தேன். சிமெண்டின் குளிர்ச்சி... என்ன சுகம்!

வாசலில் கஞ்சிப் பாத்திரத்தோடு தங்கம்.

"எதுக்கு எழும்பினிய? சாவதுக்கா?"

"படுத்துக் கிடந்தா மட்டும் சாவ மாட்டனா?"

என்னைச் சாய்த்துப் படுக்கவைத்தாள். கஞ்சியும் பயறும் ஊட்டினாள். நாலு வாய் போயிருக்கும். ஊட்டிய கை சட்டென்று நின்றது.

"வாயத் தெறங்க."

"எதுக்கு?"

"மூணு வாரமாட்டு எடது பக்கத்துலதான் சவைக்கிய. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். தெறங்க!"

மாட்டிக்கொண்டேன். வலது கடைவாய்ப் பல் சொத்தை. ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? பல் பிடுங்குவதென்றால் எனக்கு அவ்வளவு பயம். அதோடு, இன்னொரு நோவைச் சொன்னால் இன்னும் நாலு வாரம் படுக்கப் போட்டுவிடுவார்களே! பாடம் நடத்துகிறவனின் புத்தி இப்படி வேலை செய்தது.

தங்கம் நேரே போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"காலம்பற காலம்பற வந்து, எங்கயாவது வலிக்கான்னு கேட்டேனே... நீரு என்ன சொன்னீரு?"

"ஒண்ணும் இல்லன்னு..."

"உள்ள எங்கயோ கேடு இருக்குன்னுதான் ரத்தம் சொல்லும் ஓய். நெஞ்சுலயா பல்லுலயான்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. அதை நீருல்லா சொல்லணும்!"

நாலு நாள் பென்சிலின் ஊசி. பிறகு பல் டாக்டர் வார்டுக்கே வந்தார். அவர் பல்லைப் பிடுங்க, எங்கள் டாக்டர் என் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் முப்பது. அதற்கடுத்த வாரம் பதினாலு! அந்த எண்ணைச் சொல்ல காசிம் வராந்தாவில் ஏறக்குறைய ஓடி வந்தார். இதயம் எப்போதோ ஆறத் தொடங்கியிருக்கிறது. மூன்று வாரம் என்னைக் கட்டிலோடு கட்டிப் போட்டது என்னுடைய 'ஒண்ணும் இல்ல'தான்.

யோசித்துப் பார்க்கிறேன் – நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைச் சொல்கிறோம்? டாக்டரிடம், ஹெட்மாஸ்டரிடம், வீட்டில்... கேட்கிறவரும் நிம்மதியாகப் போய்விடுகிறார். கேட்காமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

இந்தத் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒன்பது வாரமாகக் குழித்துறையிலிருந்து தினமும் பஸ் பிடித்து, கஞ்சியோடு வந்து போனவள் தங்கம். நேற்று மத்தியானம் எனக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்:

"ஒனக்கு எங்கயாவது வலிக்கா?"

மருந்துப் பாட்டிலை மூடி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கேருந்து தொடங்கட்டு?" என்றாள்.