டின் அடுப்பும் ஐந்தருவிக் குளியலும்

குற்றாலத்துக்கு அரை மணி நேரத் தொலைவில் இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திவிட்டு, சீசன் தண்ணீரில் தலை நனைத்தது மொத்தம் நாலு தடவை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து வருகிறவர்கள் நாள் முழுக்க அருவியில் நிற்கிறார்கள். இலத்தூரில் வாழ்க்கைப்பட்ட நான், அதே சாரலில் ஒரு தென்னந்தோப்பில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் அத்தான். என் கணவரின் அண்ணன், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர்தான். ஆனால் அருவியில் குளித்துவிட்டு வந்தால் அவருக்குத் தட்டில் ஆவி பறக்க வேண்டும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகிற சோறு செல்லாது. அருவிக்கரையில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள் என்பதால், ஐந்தருவி ரோட்டில் வடகரைக்காரர் ஒருவருடைய தோப்பில் வேனை நிறுத்துவோம். இரட்டை அடுப்பு, சிலிண்டர், சோற்றுப்பானை, குழம்புச் சட்டி, அரிவாள்மனை எல்லாம் இறங்கும். கூடவே நானும் அக்காவும் இறங்குவோம். ஆண்கள் அப்படியே அருவிக்குப் போய்விடுவார்கள்.

அவர்கள் வந்து, சாப்பிட்டு, நாங்கள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, "சரி, இப்ப நீங்க போயிட்டு வாங்க" என்று தாராளமாக அனுமதி கிடைக்கும். அதற்குள் தண்ணீர் ஏறிக் குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். தடை இல்லாத நாளில் தூறல் வலுத்து, வீட்டுக்குக் கிளம்பும் நேரம் ஆகியிருக்கும்.

அக்கா என்று நான் சொல்வது அத்தானின் மனைவியை. அச்சன்புதூரில் பிறந்தவள். அவளுக்குக் கோபம் என்பதே வராது. அவள் பங்கையும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருந்தது.

சென்ற வருடம் அத்தான் போனில் பார்த்து இரண்டு டென்ட் வாங்கினார். ஆனி கடைசியில் இரண்டு நாள் அதே தோப்பில் கேம்பிங் என்று அறிவிப்பு வந்தது. கூடவே சாமான் பட்டியலும் வந்தது. அதில் ஆட்டுரல் ஒன்றுதான் இல்லை. ஒரு நாள் வேக்காடு போதாதென்று இரண்டு நாளா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை அருவியில் நிற்காமல் வீடு திரும்புவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். ஸ்பிரிட் விளக்கில் சோதனைக்குழாய் கொதிப்பதைத் தினமும் பார்க்கிறவள். கையளவு நெருப்பு எவ்வளவு வேலை செய்யும் என்பது தெரியும். மலையேறுகிற ஆட்கள் குளிர்பான டின்னிலேயே அடுப்பு செய்து கொண்டுபோகிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். இரண்டு டின்களின் அடிப்பாகத்தை இரண்டு விரல் உயரத்துக்கு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, விளிம்பைச் சுற்றி ஊசியால் துளை போட வேண்டும். நடுவில் ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியாக ஸ்பிரிட்டை விட்டுப் பற்றவைத்தால், உள்ளே சூடாகி ஆவி துளைகளில் சீறி, பூ மாதிரி வட்டமாக எரியும்.

சொல்லும்போது சுளுவாக இருக்கிறது. முதல் மூன்று டின் கசங்கிக் குப்பைக்குப் போயின. நாலாவது என் பெருவிரலைக் கிழித்தது. ஐந்தாவது எரிந்தது. பால் பவுடர் டின்னில் பாத்திரம், பழைய சைக்கிள் கம்பியை வளைத்து முக்காலி, இனிப்புக்கடைத் தகர மூடியை வெட்டிக் காற்றுத் தடுப்பு. ஆளுக்கு ஒரு செட் வீதம் நாலு செய்தேன். எல்லாம் சேர்ந்து ஒரு மஞ்சப்பையில் அடங்கிற்று. எரிபொருளுக்கும் அலையவில்லை. கொரோனா சமயத்தில் அத்தான் கேன் கேனாக வாங்கிப் போட்ட சானிடைசர் பரணில் கிடந்தது. தண்ணீர் போல இருக்கும் அந்த ரகம் நன்றாகவே எரிந்தது.

என் கணவர் வந்து எட்டிப் பார்த்தார். "என்னட்டி இது, எலிக்குச் சமைக்கப் போறியா?"

"ஆமா. பெரிய எலி ரெண்டு இருக்கு" என்றேன்.

கிளம்புகிற காலையில் அத்தான் இரட்டை அடுப்பையும் சிலிண்டரையும் வேனில் ஏற்றத்தான் செய்தார். நான் மஞ்சப்பையைச் சீட்டுக்கடியில் தள்ளினேன். தோப்பில் இறங்கி டென்ட் கட்டி முடித்ததும் மஞ்சப்பையை அவிழ்த்தேன். அத்தான் என்னோடு நேராகப் பேசுகிற வழக்கமில்லை. தம்பி பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதைத் தம்பியிடம்தான் சொல்வார். நான் அடுத்த முழத்தில் நின்றாலும் அப்படித்தான்.

"ஏலே, இந்த டப்பாவுல நாலு காபி கொதிச்சா பெரிய அடுப்பு வேன விட்டே இறங்க வேண்டாம். எல்லாரும் சேந்து அருவிக்குப் போவோம். கொதிக்கலன்னா பொம்பளைங்க வழக்கம்போல இங்கன இருந்து சமைக்கட்டும். சரிதானான்னு கேளு."

"சரின்னு சொல்லுங்க" என்றேன் கணவரிடம். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், ஏட்டி தோத்துராதே என்று இருந்தது.

அடுப்புகளை ஒரு பலகைமேல் வரிசையாக வைத்தேன். சாரல் காற்றுக்குத் தகரத் தடுப்பைச் சுற்றினேன். பாட்டிலை எடுத்து நாலிலும் ஊற்றினேன். குச்சியை உரசி வைத்தால் முதல் அடுப்பு பற்றவில்லை. இரண்டாவதும் பற்றவில்லை. ஏழெட்டுக் குச்சி கரியாயிற்று. வீட்டில் பத்துத் தடவை எரிந்த அடுப்பு. இன்னும் ஒரு குச்சி போனால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

அத்தான் ஒரு பக்கம் சட்டையைக் கழற்றிவிட்டு அருவிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். எண்ணெய் தேய்க்காமல் குற்றாலத்தில் குளித்தால் அது அவருக்குக் குளியலே இல்லை. பையில் இருந்த எண்ணெய் பாட்டிலை உள்ளங்கையில் சரித்துத் தலையில் அறைந்து, தோள், நெஞ்சு என்று தேய்த்தவர், என் பாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"நவுந்துக்கிடச் சொல்லுலே. நான் கொளுத்துதேன்" என்றவர், தலையை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இதென்ன எண்ணெய்லே? தேய்க்கத் தேய்க்கக் காணாமப் போவுது. ஜில்லுன்னு வேற இருக்கு."

ஒரே எட்டில் பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டேன். தீப்பெட்டி பறந்து போய் ஈரப் புல்லில் விழுந்தது. "குச்சியத் தொடாதீங்க! பின்னால போங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோப்பு நாய் குரைத்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் குரலை உயர்த்தியதில்லை. கையில் வேறு அடித்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். பாரத்தைக் குறைக்கிறேன் என்று தேங்காயெண்ணெயையும் சானிடைசரையும் ஒரே மாதிரி இரண்டு சின்ன பாட்டிலில் ஊற்றி வந்திருந்தேன். பாட்டில் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதே என்று பேரை மூடியில் ஒட்டினேன். வேனில் வரும்போது, சரியாகத்தான் ஒட்டியிருக்கிறேனா என்று முகர்ந்து பார்க்க இரண்டையும் திறந்து, மூடியை மாற்றிப் போட்டுவிட்டேன். ஆய்வகத்தில் மாணவிகளிடம் நான் தொண்டை கிழியக் கத்துகிற ஒரே விஷயம், பேரை மூடியில் ஒட்டாதே, பாட்டிலில் ஒட்டு என்பதுதான். ஊற்றும்போது கொழகொழப்பாக இருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ஜெயிக்கிற அவசரம்.

"ஏம்மா, என்ன ஆச்சு?" என்று அத்தான் கேட்டார். என்னிடமே கேட்டார், தம்பி வழியாக இல்லை.

"நீங்க தேய்ச்சிருக்கது சானிடைசர். அடுப்புல ஊத்துனது எண்ணெய். தப்பு என் மேலதான். மேலெல்லாம் ஸ்பிரிட் இருக்கு, இப்ப இந்தத் தோப்புல யாரும் நெருப்பு பத்தவைக்கப்படாது. பெரிய அடுப்பும் கூடாது. நீங்க முதல்ல நல்லாக் குளிச்சாகணும்."

சானிடைசர் இரண்டு மூன்று நிமிடத்தில் காற்றோடு போய்விடும், துண்டால் துடைத்தாலே ஓரளவு போதும் என்பது எனக்குத் தெரியும். ஆய்வக உதவியாளருக்கு இது தெரியாமலா இருக்கும்? சொல்லவில்லை. இதை எழுதுகிற வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் வேனில் ஏறியது அக்கா. மாற்றுப் புடவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "அப்ப அடுப்பு கெடக்கட்டும். வாங்க எல்லாரும்" என்று முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் வேனை எடுத்தார். அத்தானிடம் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. வழியெல்லாம் உர்ரென்று வந்தார்.

ஐந்தருவியில் இறங்கியதும் ஆண்கள் ஒரு பக்கமாக நடந்தார்கள். அக்கா நின்ற இடத்திலேயே நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"ஏட்டி, பொம்பளைங்களுக்கு எந்தப் பக்கம்? எப்படிப் போவணும்?"

நான் குளித்த நாலு தடவையும் அவள் சாமானுக்குக் காவலாகத் தோப்பிலேயே இருந்துவிட்டவள். பத்து மைல் தள்ளிப் பிறந்தவள், முப்பது வருடமாகச் சீசனுக்கு சீசன் இங்கே வருகிறவள். இரண்டடி முன்னால் போன அத்தானின் காதிலும் அது விழுந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். துண்டை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு போனார்.

அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் விழுகிற இடத்தில் பாறையைப் பிடித்தபடி நின்றாள். முதல் அடியில் மூச்சு முட்டித் திணறி, அப்புறம் சத்தம் போட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதேயில்லை. தோளிலும் முதுகிலும் தண்ணீர் மொத்து மொத்தென்று மொத்தியது. நானும் வாய்விட்டு என்னவெல்லாமோ கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, அதுவும் யாருக்கும் தெரியவில்லை. காவலர் விசில் ஊதி வெளியே வரச் சொல்லும்வரை இரண்டு பேரும் நகரவில்லை.

தோப்புக்கு வந்து அடுப்புகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொடியில் கிடந்த துணியால் துடைத்து உலர்த்தி, சரியான பாட்டிலைப் பார்த்து ஊற்றிப் பற்றவைத்தேன். பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. "இதுவும் பத்தலயே" என்று என் கணவர் விரலை நீட்டி, துள்ளிக் குதித்தார். எட்டு நிமிடத்தில் நாலு டின்னிலும் தண்ணீர் தளதளத்தது. பொட்டலமாகக் கலந்து வந்த காபித்தூளும் பால் பவுடரும் போட்டுக் கொடுத்தேன். அத்தான் ஊதி ஊதிக் குடித்தார். அன்றைக்கு மதியமும் இரவும் வறுத்த ரவையும் அவலுமாகச் சின்ன அடுப்பிலேயே ஓடிற்று. சிலிண்டர் வேனிலேயே கிடந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் டென்டுக்கு வெளியே தகரச் சத்தம் கேட்டுத் தலையை நீட்டினேன். அத்தான் பலகை முன்னால் குத்தவைத்திருந்தார். பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் இரண்டு தடவை முகர்ந்துவிட்டு அளவாக ஊற்றி, ஒவ்வொரு அடுப்பாகப் பற்றவைத்தார். கொதித்ததும் இரண்டு டம்ளரில் காபி கலந்து, ஒன்றை எனக்கும் ஒன்றை அக்காவுக்கும் நீட்டினார்.

"தண்ணி ஏறுததுக்கு முன்ன ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. ரவைய நாங்க கிண்டிக்கிடுதோம்" என்றார்.

அக்கா அவரையே பார்த்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பலகையில் வைத்தாள். மீதிக் காபி ஆவி பறக்க அங்கேயே இருக்க, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். நான்தான் இரண்டு பேருடைய மாற்றுப் புடவைகளையும் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.