ஏசியை அணைத்த வெள்ளிக்கிழமைகள்

"ஏசிய நிறுத்துங்க" என்றேன். அதன் உறுமல் மைக்கில் விழுந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் ஒரு பழைய கறுப்பினக் குடியிருப்பின் மக்கள் தங்கள் தெருக்கதைகளைத் தாங்களே படமாக்கியதைப் பார்த்தபின், வளைகுடா நாட்டில் நாங்கள் வாழும் கராமாவில் நாங்களும் எங்கள் கட்டடத்தைப் படமெடுக்கிறோம். இன்று பேசப்போவது அம்மா.

ஏசி அடங்கியதும் புழுக்கம் ஏறியது. நான் சட்டென்று சிறுமியாகிவிட்டேன். இதே அறையில், கடிதத்துக்குப் பதிலாக ஊருக்கு அனுப்பக் கேசட்டில் பேசும் வெள்ளிக்கிழமைகளில், குரல் தெளிவாக விழ வேண்டுமென்று அப்பா முதலில் ஏசியை அணைப்பார். டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்காருவோம். அம்மாவின் நெற்றி வியர்வை வழிந்து மூக்குத்தியில் நிற்கும். "நாங்க எல்லாரும் சௌக்கியம்" என்பாள். அப்பாவுக்கு வேலை போன மாதத்திலும் அதையேதான் சொன்னாள்.

கேமரா ஓடியது. அம்மா முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்தாள்.

"நாங்க எல்லாரும் சௌக்கியமாத்தான் இருந்தோம்."

"கட்! அம்மா, இது ஊருக்குப் போற கேசட் இல்ல. நடந்தத நீ சொல்ற வரைக்கும் நான் இங்கேர்ந்து எழுந்திருக்கப் போறதில்ல."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ ஏசியப் போட்டுடாதடி. எல்லாத்தையும் சொல்ல நேரமாகும்."