பரீட்சை மணிக்கு மெஸ்மெரிசம்

வாழப்பாடி கண்ணுக்கு மறைந்து இரண்டு மைல் வந்த பிறகுதான் சட்டையை உள்புறம் வெளியாகப் போட்டிருப்பதைக் கவனித்தேன். புளியமரத்தடியில் நின்று கழற்றித் திருப்பிப் போட்டேன். கையைத் தூக்கியபோது இடது விலா குத்தியது. அந்த விலாவுக்காகத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

ஏழு மாதம் ஒரு மெஸ்மெரிசக்காரரிடம் வேலை பார்த்தேன். தம்மைப் புரொபசர் என்று சொல்லிக்கொள்வார். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பள்ளிக்கூடங்களிலும் சந்தைத் திடல்களிலும் காட்சி நடக்கும். பார்க்க வந்தவர்களில் ஒருவனைப் போல நான் எழுந்து மேடைக்குப் போவேன். அவர் என் நெற்றிக்கு எதிரே கையை மேலும் கீழும் வீசுவார். நான் கண்ணை மூடிச் சாய்வேன். தலையை ஒரு நாற்காலியிலும் குதிகாலை இன்னொரு நாற்காலியிலும் வைத்து, நடுவில் ஒன்றுமில்லாமல் என்னைப் பலகைபோல் கிடத்துவார்கள். வயிற்றின் மேல் ஆள் ஏறி உட்காரும். கடைசியாக மார்பில் ஒரு கல்லை வைத்துச் சம்மட்டியால் உடைப்பார்கள்.

நான் ஒரு நாளும் தூங்கியதில்லை. மூச்சைப் பாதியில் பிடித்து, உடம்பை இறுக்கி, மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். எண்பதுக்குள் கல் உடைந்துவிடும். வாழப்பாடியில் புரொபசர் பெரிய கல்லாகக் கொண்டுவந்தார். சம்மட்டிக்காரன் இரண்டாம் அடி அடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் அதே அளவில் இன்னொரு கல்லை அவர் வண்டியில் ஏற்றச் சொன்னதைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

அன்று இருட்டுவதற்குள் அயோத்தியாப்பட்டணம் வந்து, ஒரு களத்து மேட்டில் படுத்து, காலையில் சேலத்துக்குள் நுழைந்தேன். ஒரு விறகுக் கடை வாசலில் வயதான சமையல்காரர் ஒருவர் விறகுச் சுமையைத் தூக்க முடியாமல் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். அதை வலது தோளில் வாங்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். போய்ச் சேர்ந்த ஓட்டு வீட்டில் பழைய சோறு போட்டார். விறகு பிளக்கவும் தண்ணீர் சேந்தவும் ஆள் வேண்டும் என்றார். இருந்துவிட்டேன்.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து விவசாயக் குடும்பங்கள் சில சேர்ந்து, சேலத்தில் படிக்கும் தங்கள் பிள்ளைகளுக்காக வாடகைக்கு எடுத்த வீடு அது. ஆறு பேர் இருந்தார்கள். சமையல்காரரும் அவர்கள் ஊர்ப்பக்கம்தான். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. மூன்றாம் நாள் நான் விறகு பிளந்துகொண்டிருந்தபோது ஒருவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"டேய், நம்ம ஸ்கூலுக்கு வந்தாரே, ரெண்டு நாற்காலிக்கு நடுவுல படுத்தவரு, அவருதான்டா இவரு!"

ஆறு பேரும் சுற்றி நின்றார்கள்.

"ஏனுங்ணா, எங்க ட்ரில் வாத்தியாரு உங்க வவுத்து மேல ஏறி உக்காந்தாரே, கனம் தெரியலீங்களா?"

"தூக்கத்துல என்ன தெரியும்?" என்றேன். ஏழு மாதமாகச் சொல்லிப் பழகிய பதில்.

"அந்தாளக் கண்ணத் தெறந்துக்கிட்டே தாங்க முடியாதுங்ணா!"

"சாமிகளா, போய்ப் படிங்க" என்று சமையல்காரர் உள்ளேயிருந்து கத்தினார். "ஏப்பா, நீ யாரை வேணும்னாலும் தூங்க வெய்யி. அடுப்பைத் தூங்க வெச்சுறாத. வெறகு வரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. பதினேழு வயதிருக்கும். சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவனுடைய வலது கால் சூம்பிப்போயிருந்தது; அந்தத் தொடையில் கையை ஊன்றி ஊன்றி நடப்பான். மறுநாள் விடியலில் நான் தண்ணீர் சேந்தும்போது கிணற்றடிக்கு வந்தான்.

"எனக்கும் அதப் பண்ணி உடுவீங்களாங்ணா?"

"எதை?"

"அந்தத் தூக்கத்த. எனக்கு இல்லீங்க. என்ற பயத்துக்கு."

போன வருஷமும் அவன் பரீட்சை எழுதப் போயிருக்கிறான். மணி அடித்ததும் விரல்கள் பேனாவைப் பிடித்தபடியே விறைத்துவிட்டன. உள்ளங்கை வியர்த்து எழுதியதெல்லாம் கரைந்தது. பத்தே வரி எழுதிவிட்டு எழுந்து வந்துவிட்டான். அடுத்த நாள் போகவே இல்லை.

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லலீங்க. ஊட்டுக்குப் போனேன், சோறு போட்டாங்க. இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் மாட்டுக்குப் பின்னால போக முடியாதுன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாமன் ஒருத்தரு ரயில்வேயில இருக்காரு. பாஸ் பண்ணினா ஆபீசுல சேத்து உடறேன்னாரு. இந்த வருசத்தோட அவருக்கு வேலை முடியுதுங்க."

எனக்குத் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தெரியாது என்றால் நான் விறகு பிளக்கிறவன். தெரியும் என்றால் கொஞ்சம் மேலே. தெரியும் என்றேன்.

எட்டாம் வகுப்பின் நடுவில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சர்க்கார் பரீட்சை நடக்கும் கூடத்தை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அவன் சொன்னதைக் கேட்டு ஒரு யோசனை செய்தேன். பயம் மணியில் தொடங்குகிறது. ஆகவே மணியையே பிடிக்க வேண்டும். அந்த மணி காதில் விழுந்ததும் கை விறைப்பதற்குப் பதிலாகத் தளரும்படி செய்துவிட்டால் போதும். நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதில் இருந்த ஓட்டை எனக்குத் தெரியவில்லை.

தினமும் சாயங்காலம் அவனைப் பாயில் படுக்கவைத்து, புரொபசருடைய குரலில் புரொபசர் சொல்வதைச் சொன்னேன். கால் கனக்கிறது, கை கனக்கிறது, இமை கனக்கிறது. பிறகு இரும்புக் கரண்டியால் பித்தளைத் தாம்பாளத்தை ஒரு தட்டுத் தட்டுவேன். "மணி அடிச்சாச்சு. பேனாவைக் கீழே வை. கண்ணை மூடு. விரல் ஒவ்வொண்ணாத் தளருது. நூறு எண்ணு. நூறு முடியறவரை எதுவும் உன்னைத் தொடாது. அப்புறம் எழுது." முதல் நான்கு நாள் விரல் தளரவில்லை. ஐந்தாம் நாள் தாம்பாளச் சத்தத்தோடு கை பாயில் பொத்தென்று விழுந்தது. பத்தாம் நாள் நான் தூக்கிப் பார்த்தபோது ஈரத்துணி போல் தொங்கியது. கொஞ்சம் பயந்துபோனேன். பிறகு பெருமையாக இருந்தது.

பையன் நன்றாகத் தூங்கினான், நன்றாகச் சாப்பிட்டான். மற்றவர்களில் இரண்டு பேர் வேடிக்கையாக அவன் பக்கத்தில் வந்து படுத்து, நிஜமாகவே குறட்டை விட்டார்கள். சமையல்காரர் எனக்கு இரண்டாம் தரம் மோர் ஊற்றத் தொடங்கினார்.

முதல் நாள் இங்கிலீஷ் முதல் தாள். பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தின் கேட்டு வரை கூடப் போனேன். தொடக்க மணி அடித்தது சாலைக்குக் கேட்டது. விரல் இப்போது தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

முடியும் நேரத்துக்கு மறுபடி போய் நின்றேன். எல்லோரும் வந்த பிறகு கடைசியாக அவன் வந்தான்.

"விறைச்சுதா?"

"இல்லீங்ணா. நூறு எண்ணினேன். நல்லாத் தளந்துச்சு. நல்லா எழுதினேனுங்க. அப்புறம் மறுக்கா மணி அடிச்சாங்க."

"மறுபடி எதுக்கு?"

"அரை மணி ஆனா ஒருக்கா அடிக்கறாங்க. மூணு மணி நேரத்துக்கும். ஒவ்வொருக்காவும் பேனாவைக் கீழே வெச்சுப்போட்டேன். நூறு முடியறது தெரியுதுங்க. கைதான் எந்திரிக்க மாட்டேங்குது. பக்கத்துப் பெஞ்சுக்காரன் எத்தனை பக்கம் எழுதிட்டான்! நான் பாதிகூட எழுதலீங்ணா."

"போன வருஷம் எழுதினவன் நீ. அரை மணிக்கு ஒரு தரம் அடிப்பாங்கன்னு சொல்லலையே?"

"போன வருசம் ரெண்டாவது மணி அடிக்கறதுக்கு முந்தியே நான் வெளிய வந்துட்டேனுங்களே."

மற்ற ஐந்து பேருக்கும் இதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடப் பரீட்சையில் தொடங்க ஒன்று, முடிக்க ஒன்று, அவ்வளவே. யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அவர்களில் ஒருவன் சமையல்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"காலுதான் போச்சு பையனுக்கு. கையையும் நீ தூங்க வெச்சுட்டியா?"

நான் தாம்பாளத்தை எடுத்துச் சமையலறை அலமாரியில் வைத்தேன்.

"நாளைக்கு விடிஞ்சதும் போயிரு. சோறு இருக்குது, தின்னுட்டுப் போ."

இங்கிலீஷுக்கு இரண்டு தாள். முதல் தாளில் விட்டதை இரண்டாம் தாள் தூக்கிவிட்டால் தேறலாம் என்று பையன்களே பேசிக்கொண்டார்கள். இரண்டாம் தாள் மறுநாள். அதிலும் அரை மணிக்கு ஒரு தரம் மணி அடிக்கும்.

சாயங்காலம் அவன் என்னிடம் வந்து, "மாத்தி உட்ருங்ணா" என்றான். "முதல் மணிக்கு மட்டும் தளரட்டும். மத்த மணிக்கு வேண்டாம்னு சொல்லிருங்க."

சொல்லியிருப்பேன். ஆனால் இத்தனை நாளில் ஏற்றியதை ஒரு மாலையில் இறக்கலாமா என்று எனக்குத் தெரியாது. அது ஏறியது எப்படி என்பதே தெரியாது. படிக்கிற அறையிலிருந்து இரண்டு பெஞ்சை இழுத்து ஆளுயர இடைவெளி விட்டுப் போட்டேன். தலையை ஒன்றிலும் குதிகாலை ஒன்றிலும் வைத்துப் படுத்தேன்.

"ஏறி உக்காரு."

"ஏனுங்ணா?"

"உக்காரு."

தயங்கி வயிற்றின் மேல் உட்கார்ந்தான். எடை குறைவுதான். ஆனாலும் விலாவில் ஆணி இறங்கியதுபோல் இருந்தது.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது."

"தூங்கலீங்களா?"

"இல்லை. உங்க ஸ்கூல்லயும் தூங்கலை. எங்கேயும் தூங்கினதில்லை. உங்க ட்ரில் வாத்தியார் வேட்டியில மூக்குப்பொடி வாசனை அடிச்சுது."

அவன் சிரிக்கவில்லை. "அப்ப என்னைத் தூங்க வெச்சது?"

"நீயாப் படுத்தே. நீயா எண்ணினே. நான் தாம்பாளத்தைத் தட்டினேன்."

இறங்கினான். நானும் எழுந்து உட்கார்ந்தேன்.

"ஏமாத்திப்போட்டீங்களேங்ணா."

"ஆமாம்."

"நாளைக்கு மணி அடிச்சா என்ன ஆகும்?"

"தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். சம்மட்டி விழும்போது நான் எண்ணறதை நிறுத்த மாட்டேன். நிறுத்தினா உடம்பு விட்டுடும். மணி விழும்போது நீ எழுதற வரியை நிறுத்தாதே."

அவன் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பொழுது அப்போதுதான் இறங்கியிருந்தது. மற்றவர்கள் விளக்கை ஏற்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவன் தூங்கினானா என்று நான் பார்க்கவில்லை.

காலையில் என் துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். ஓமலூர்ப் பக்கம் போகலாம் என்று எண்ணம். கால் பரீட்சைப் பள்ளிக்கூடத்தின் கேட்டுக்குத்தான் போனது. அங்கே ஒரு குமாஸ்தா, நேற்று வந்த தண்ணீர்க்காரன் இன்று வரவில்லை என்று பியூனிடம் கத்திக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"என்ன ஆளு நீ?" என்றார்.

சாதியைச் சொன்னேன். எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் என் கையால் குடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டார். என் விலாவைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ அவர் கேட்கவில்லை.

"உள்ளே ஒரு பையனோடும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தாயோ, பரீட்சையில் சொல்லிக்கொடுத்தாய் என்று போலீசில் கொடுத்துவிடுவேன்."

ஒரு பித்தளைக் குடமும் ஒரு டம்ளரும் கொடுத்தார்கள். குடத்தை வலது இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்தின் பின்சுவர் ஓரமாக நின்றேன். அவன் ஐந்தாவது வரிசை. தொடையில் கையை ஊன்றி நடந்து வந்து உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தொடக்க மணி அடித்தது. எல்லோரும் குனிந்தார்கள். அவன் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுதினான். அந்த அரை மணியில் நான் எட்டுப் பேருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

அடுத்த மணி அடித்தது. அவன் கை நின்றது. பேனா தாளுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் அப்படியே இருந்தது. நான் மூன்று பெஞ்சு தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்க முடியாது. அவன் உதடுகள் அசைந்தன. எண்ணுகிறானா, எழுதவேண்டிய வரியைச் சொல்லிப் பார்க்கிறானா என்று தெரியவில்லை. பேனாவைக் கீழே வைக்கவில்லை. பிறகு மைக்கூட்டுக்குப் போய்த் திரும்பித் தாளில் இறங்கியது.

மூன்றாவது மணிக்கு அவன் தலைகூட நிமிரவில்லை. அது அடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து இடது கையைத் தூக்கினான். போய் டம்ளரை நிரப்பி நீட்டினேன். இடது கையாலேயே வாங்கினான். அவர்கள் வீட்டில் அப்படி வாங்கினால் வைவார்கள். அண்ணாந்து ஊற்றிக்கொண்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். வலது கை எழுதிக்கொண்டிருந்தது.

பின்வரிசையில் வேறொருவன் கை தூக்கினான். குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.