வளைகாப்பு எப்போ என்று கேட்கும் கம்ப்யூட்டர்

தமிழரசியைக் காணோம். கம்ப்யூட்டர் அப்படித்தான் சொன்னது. எட்டு மாத கர்ப்பிணி, ஊர் போலகம், பி.பி. கொஞ்சம் ஏற்றம். அடுத்தடுத்து இரண்டு செக்கப்புக்கு வரவில்லை. பெயருக்கு எதிரே சிவப்பில் ‘தொடர்பில் இல்லை’ என்று வந்து நின்றது.

அந்தச் சிவப்பு எழுத்தை வரவழைத்ததே நான்தான். அதனால் கதையை அதற்கு முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

1. பேரன் எடுக்கிற வயதில் எம்.எஸ்ஸி.

காரைக்காலில் ஒரு மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் நான் ஸ்டாஃப் நர்ஸ். ஐம்பது தாண்டிய பிறகு ஆன்லைனில் ஹெல்த் இன்ஃபர்மேடிக்ஸ் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் எப்படி ஒழுங்காகச் சேர்ப்பது, அதை வைத்து வைத்தியத்தை எப்படிச் சீர்படுத்துவது என்பதுதான் படிப்பு. என் வீட்டுக்காரர் கேட்டார்: “பேரப்புள்ள எடுக்குற வயசுல உனக்கு எதுக்கு பரீட்சை?”

“பேரன் வர்றப்ப வரட்டுங்க. அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்கவா?” என்றேன். சாயங்கால வகுப்பு நாட்களில் தோசை வார்ப்பது அன்றிலிருந்து அவர் பொறுப்பு. நன்றாகவே வார்க்கிறார்.

முதல் செமஸ்டரில் டேட்டாபேஸ் என்றால் தலை கிறுகிறுக்கும். மகன் வயதுப் பிள்ளைகள்தான் உடன் படித்தார்கள். சந்தேகம் கேட்க வெட்கமே படவில்லை. வார்டில் புது டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய்தானே!

கடைசி வருஷ புராஜெக்டாக, செக்கப்புக்கு வராத கர்ப்பிணிகளைக் கண்டுபிடித்துப் பட்டியல் தரும் ஒரு புரோகிராம் செய்தேன். முதல் பட்டியல் திரையில் வந்தபோது என்ன சந்தோஷம்! ஆனால் எங்கே பார்த்தாலும் சிவப்பு. எங்கள் பிரிவின் பொறுப்பு அதிகாரி எட்டிப் பார்த்தார்.

“லிஸ்ட்டு பிரமாதம் சிஸ்டர். இந்தச் செவப்ப எல்லாம் எடுத்துட்டா இன்னும் பிரமாதமா இருக்கும். ‘இடம்பெயர்ந்தவர்’னு போட்டு முடிச்சுடுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சிவப்பில் ஒருத்திதான் தமிழரசி. பி.பி. ஏறிய பெண்ணை எப்படி முடித்துவிடுவது? அவளும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் என்ன ஆனார்கள் என்று தெரிய வேண்டாமா? பதிவில் இருந்த செல் நம்பர் அவள் புருஷனுடையது. அவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப் என்றே வந்தது.

2. இரண்டு வீடு

வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் ஆஷா பணியாளர் மலர்க்கொடியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போலகம் போனேன். தமிழரசியின் மாமியார் வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார்.

“காணோமா? எவ சொன்னா? வளைகாப்பு போட்டு அவ அம்மா வூட்டுக்கு அனுப்பிச்சு ஒரு மாசமாவப் போவுது. பூவம் தாண்டி, பார்டருக்கு அந்தாண்ட.”

“எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா?”

“யாரு கேட்டா? பதியிறப்ப மாற்று முகவரி இருக்கான்னு கவுன்டர்ல இருந்த பொண்ணு கேட்டுச்சு. நமக்கு ஏதும்மா ரெண்டு வூடுன்னேன். ஏன், தப்பா?”

தப்பே இல்லை. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண் அம்மா வீட்டுக்குப் போவது ஊரறிந்த சங்கதி. எனக்கும் தெரியும், அதிகாரிக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத்தான் தெரியாது. எந்த மாதத்தில் ஒரு பெண்ணை நாம் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டுமோ, சரியாக அந்த மாதத்தில் அவள் காணாமல் போய்விடுகிறாள். காரைக்கால் புதுச்சேரியோடு சேர்ந்தது; தாய்வீடோ பாதிப்பேருக்குத் தமிழ்நாட்டில். அங்கே வேறு பதிவு, வேறு நம்பர்.

நேரே வடக்கே விட்டேன். கை நிறைய வளைகாப்பு வளையலோடு தமிழரசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

“வாங்க சிஸ்டர்... தலவலிதான் ரெண்டு நாளா உயிரெடுக்குது. வெயில்ல நின்னதுன்னு அம்மா சொல்லுது.”

பி.பி. பார்த்தேன். நம்ப முடியாமல் இன்னொரு முறை பார்த்தேன். அவ்வளவு ஏறியிருந்தது. அங்கிருந்தே எங்கள் பிரிவு டாக்டர் மேடத்துக்குப் போன் செய்தேன். “பேசிக்கிட்டு நிக்காதீங்க, கூட்டிட்டு வாங்க” என்றார். அம்மாவும் பெண்ணும் ஆட்டோவில், நானும் மலர்க்கொடியும் பின்னாலேயே ஸ்கூட்டியில். அன்றே அட்மிஷன் போட்டு மருந்து தொடங்கினார்கள். அந்த வாரமே ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, குரல் மட்டும் வார்டையே தூக்கியது. தாயும் சேயும் நலம் என்று நானே கம்ப்யூட்டரில் பதிந்தேன்.

3. கேள்வியை மாற்றினேன்

அதன் பிறகு, என் புரோகிராமுக்கு விவரம் தரும் பதிவுப் படிவத்தில் ‘மாற்று முகவரி’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு ‘வளைகாப்பு எப்போது?’ என்று வைத்தேன். ஆன்லைன் வகுப்பில் காட்டியபோது கேரளத்துப் பெண் ஒருத்தி, “வளைகாப்பு போடாதவர்கள்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளும் கிறிஸ்தவ வீடுகளும் எனக்கு உடனே ஞாபகம் வந்தன. ‘பிரசவத்துக்கு எப்போது, யார் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள்?’ என்று திருத்தி, வளைகாப்பைத் துணைக்கேள்வி ஆக்கினேன். அங்கே இருப்பவர் ஒருவரின் செல் நம்பருக்கும் இடம் விட்டேன்.

அதிகாரி சிரித்தார். “வளைகாப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்களா சிஸ்டர்?”

“ஏத்திப் பாப்போம் சார்.”

முகவரி கேட்டால் முகத்தைச் சுளிக்கிற ஜனங்கள், வளைகாப்பு என்றதும் தேதி, ஊர், யார் யார் வருகிறார்கள் என்பது வரை கொட்டினார்கள். பட்டியலில் சிவப்பு மளமளவென்று குறைந்தது. அதிகாரியே அதை மேலிடத்துக்குக் காட்டினார். என் புராஜெக்டுக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண். பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கிற அளவுக்கு விஷயம் இருக்கிறது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். விவரம் கிடைக்கவில்லை என்றால் ஜனங்களைக் குறை சொல்லாதீர்கள். அவர்கள் வீட்டில் பேசுகிற மாதிரி கேட்டுப் பாருங்கள்.

போன மாதம் தமிழரசியின் மாமியார் இளைய மருமகளைப் பதிவுக்கு அழைத்து வந்தார். இடுப்பில் தமிழரசியின் மகள், அதே குரலோடு. கவுன்டர் பெண் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடங்கிவிட்டார்.

“வளைகாப்பு ஆவணில. அதுக்கப்புறம் அவ அம்மா வூடு, திருவாரூர் பக்கம். போன் நம்பர் இந்தா. நல்லா ஏத்திக்க பாப்பா, எம் மருமவளுக்கு ரெண்டு வூடு.”